எமில் ஹோராக்கிடம் யாரும் பேசாத பிற்பகல்

எமில் ஹோராக் என் தங்கை வில்மாவின் கணவன். முதல் தடவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது அவன் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை நீலமாக இருந்தன. இதயக் கோளாறு என்று நினைத்த அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் விசாரித்தாள். நான் அப்போதுதான் முதியோர் இல்லத்தில் நர்ஸ் பயிற்சி முடித்திருந்தேன்.

"சாயம்மா அது. பட்டு மில்லுல சாயம் போடறவன். எவ்வளவு தேய்ச்சாலும் போகாது" என்றேன்.

"அப்ப குழந்தைங்க நீலமா பொறக்காதே?" என்றாள் அம்மா. அந்தக் கேள்வியை எமில் கதவுக்கு அப்பால் நின்று கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அதைச் சொல்லாமல் அவன் எழுந்ததில்லை.

சாயப் பட்டறை அவனுக்குக் குளிர்கால வேலை. ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை அவன் பேஸ்பால் வீச்சாளன். சம்பளத்துக்கு ஆடுகிறவன்தான். ஆனால் பெரிய நகரத்து அணிகள் அவனைக் கூப்பிட்டதில்லை. பென்சில்வேனியாவின் மில் ஊர்களுக்குள் பழைய பஸ்ஸில் போய் ஆடும் சின்ன அணிகள்தான் அவன் உலகம். அவன் அப்பா ஸ்லோவாக் நாட்டிலிருந்து வந்து நிலக்கரிச் சுரங்கத்தில் இருமி இருமிச் செத்தவர். "வெயில்ல நின்னு செய்யற வேலை எதுவா இருந்தாலும் செய்யறேன் அண்ணி, மண்ணுக்குள்ள மட்டும் போக மாட்டேன்" என்று என்னிடம் சொல்வான். போருக்குப் போய் லாரி ஓட்டினான், திரும்பி வந்தான், மறுபடியும் பந்தை எடுத்தான். 1951-இல் அவனுக்கு முப்பத்து நான்கு வயது. அந்த வேலைக்கு அது கிழவயது. எங்கள் ஊர் அணியான கார்விஸ்வில் வீவர்ஸ் அந்த வருடத்தோடு அவனை நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் தின விடுமுறையன்று பிற்பகல் நடக்கும் ஆட்டம்தான் அவனுக்குக் கடைசி.

அவனுடைய நம்பிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். மைதானத்தின் சுண்ணாம்புக் கோட்டை மிதிக்க மாட்டான். ஆட்டத்தன்று இடது காலுறையைத்தான் முதலில் போடுவான். இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று இருந்தது. ஒரு வீச்சாளன், மூன்று அவுட்டுக்கு ஒரு இன்னிங்ஸாக, ஒன்பது இன்னிங்ஸும் வீசி, எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது அடித்தவன் அவுட் ஆகாமல் ஓடித் தப்பும் ஓர் அடிகூட, கொடுக்காமல் முடித்தால் அதற்கு நோ-ஹிட்டர் என்று பெயர். பெரும்பாலான வீச்சாளர்களுக்கு ஆயுளில் ஒருமுறைகூட அது அமையாது. அது நடந்துகொண்டிருக்கும்போது அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லக் கூடாது. ஹிட் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. வீச்சாளனிடம் யாரும் பேசக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது. பார்க்கிறவர்கள் அவரவர் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. மீறினால் அடுத்த பந்தே அடிபடும்.

எமில் இந்த விஷயத்தில் பாதிரியாரைவிடக் கண்டிப்பானவன். ஒருமுறை அவன் அணியில் வேறொருவன் வீசிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒருத்தன் "இன்னும் ஒரு ஹிட் கூடக் கொடுக்கலியே" என்று சொல்லிவிட்டான். எமில் தண்ணீர் வாளியை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தான்.

அன்று எதிரணி ஓல்டன். வில்மாவும் நானும் எங்கள் ஆட்டக்காரர்கள் உட்காரும் பள்ளமான டக்அவுட்டுக்கு நேர் மேலே, ஆட்டக்காரர் மனைவிகள் உட்காரும் முதல் வரிசையில் இருந்தோம். கீழே அவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். பலகை இடுக்கில் குனிந்தால் பெஞ்சும் தெரியும். மாதா கோயில் பெண்கள் சுட்ட கசகசா ரொட்டி வில்மாவின் மடியில் இருந்தது.

மூன்றாவது இன்னிங்ஸில் எங்கள் முறை வந்தபோது எமில் மட்டை பிடிக்கப் போனான். அந்தக் காலத்தில் தலைக்குத் துணித் தொப்பி மட்டும்தான். ஓல்டன் வீச்சாளனின் வேகப் பந்து ஒன்று உள்ளே வந்து, இடது காதுக்கு மேலே அடித்தது. பலகையில் சுத்தியல் விழுந்த சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. எமில் முழங்கால் மடங்கி விழுந்தான்.

வில்மா எழுந்துவிட்டாள். எமில் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி இருந்தான். பிறகு எழுந்தான், தொப்பியைத் தட்டினான், எங்களைப் பார்த்துக் கையசைத்தான். கூட்டம் கைதட்டியது.

அணியின் மேலாளர் மெர்ல் ஸ்டாக்டன், கழுத்து தடித்த ஆள். எமிலைப் பார்த்துவிட்டு அவர் திரும்பி வரும்போது நான் கம்பி வேலிக்கு மேல் குனிந்து கூப்பிட்டேன்.

"மிஸ்டர் ஸ்டாக்டன், அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. அடி பொட்டுல பட்டிருக்கு."

"எந்த ஊர்ல இருக்கேன்னு கேட்டேன், சரியா சொன்னான். என்ன கிழமைன்னு கேட்டேன், அதையும் சொன்னான். எனக்கே தெரியாது அது, நர்ஸம்மா." பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "நீங்க ரொட்டி சாப்பிடுங்க. அவன் மண்டை ஸ்லோவாக் மண்டை, உடையாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதியோர் இல்லத்துக்குப் பக்கத்துப் பண்ணையில் க்ளெட்டஸ் என்று ஒருவர் இருந்தார். குதிரை தலையில் உதைத்த பிறகு எங்கள் முன்னறைக்குத் தானே நடந்து வந்தார். ஆப்பிள் பை கேட்டு வாங்கித் தின்றார். மாவு வேகவில்லை என்று குறை சொன்னார். கொஞ்சம் கண் அசருகிறேன் என்று சாய்ந்தார். அவ்வளவுதான். மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசியும்போது ஆளைக் கொஞ்ச நேரம் விட்டுவைக்கும். அந்த நேரத்தில் அவன் பேசுவான், சிரிப்பான், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வான். மெர்ல் கேட்ட கேள்விகளுக்கு எமில் பதில் சொன்னதில் எனக்கு எந்த நிம்மதியும் இல்லை. தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் ஒரே வழி.

கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் விபரீதம்.

ஐந்தாவது இன்னிங்ஸில் எங்கள் பக்கம் ஒரு ஓட்டம் எடுத்தார்கள். ஒன்று, பூஜ்யம். ஆறாவதில் ஓல்டன் ஆட்கள் மூவரும் வரிசையாக அவுட் ஆனார்கள். அப்போதுதான் கூட்டத்தின் சத்தம் மாறியது. எனக்குப் பின்னால் இருந்த கிழவர் நிலக்கடலை உரிப்பதை நிறுத்தினார். யாரோ வானத்தைப் பற்றிப் பேசினார்கள். யாரோ தக்காளி இந்த வருடம் பரவாயில்லை என்றார்கள். கரும்பலகையில் ஓல்டனின் ஹிட் என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நான் இடுக்கில் குனிந்து பார்த்தேன். பெஞ்சின் ஒரு கோடியில் எமில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் எல்லோரும் மறு கோடியில் நெருக்கியடித்து இருந்தார்கள். நடுவில் பத்துப் பேர் உட்காரும் இடம் காலி. அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

"வில்மா, நான் கீழே போய் அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன்."

அவள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். "எழுந்திரிக்காத அக்கா! இடத்தை விட்டு எழுந்திரிக்காத."

"அவன் கண்ணைப் பாக்கணும்டி."

"இன்னிக்கு விட்டா அவருக்கு வேற நாளே கிடையாது. பதினஞ்சு வருஷம் அக்கா. நாளைக்கு மறுபடியும் அந்தச் சாயத் தொட்டிதான். நீ போய் அதைக் கெடுத்தா என்னை மன்னிக்கவே மாட்டாரு. உன்னையும்தான்."

"மண்டைக்குள்ள ஏற்கெனவே ஏதாவது கெட்டிருந்தா?"

"வாயை அலம்பு!" என்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்னால் இருந்த கிழவர் என் தோளைத் தட்டினார். "நல்ல பொண்ணா உக்காரும்மா. நானே ஒண்ணுக்குப் போகாம அடக்கிக்கிட்டு இருக்கேன்."

உட்கார்ந்தேன். நான் நினைப்பது தவறாக இருந்தால் ஒரு மனிதனின் ஒரே நல்ல நாளைத் தட்டிப் பறித்தவள் ஆவேன். சரியாக இருந்தால் அவன் எங்கள் எல்லோர் கண் முன்னாலும் செத்துக்கொண்டிருந்தான். அதற்குத்தான் ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு மரியாதை செய்தது.

ஏழாவதில் அவன் பந்துகள் மெதுவாகிவிட்டன. வேகத்தை எதிர்பார்த்து நின்ற ஓல்டன் ஆட்கள் அவசரப்பட்டு வானத்தில் தூக்கி அடித்துப் பிடிபட்டார்கள். "தலைவா, என்ன தந்திரம்டா!" என்று யாரோ கத்தினான். நான் எமிலின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீச்சாளன் நிற்கும் மண்மேட்டில் ஏறும்போது அந்தக் கால் முனை மண்ணைச் சீய்த்தது. இடது பக்கம் அடிபட்டால் வலது பக்கம் தளரும். அவன் பந்து வீசுவது வலது கை. தந்திரம் என்று ஊர் கைதட்டியது அந்தக் கை செத்துக்கொண்டிருந்ததற்கு.

அந்த இன்னிங்ஸ் முடிந்ததும் டக்அவுட்டுக்குப் பின்னால் இருந்த நடையில் போய் வாந்தி எடுத்தான். சத்தம் கேட்டது.

"பதட்டம். எனக்கும் வரும்" என்றாள் எங்கள் வரிசையில் இருந்த ஒருத்தி. வில்மாவின் மடியில் இருந்த ரொட்டி தூள் தூளாகியிருந்தது.

எட்டாவது இன்னிங்ஸ். கடைசிப் பந்து நேராக மேலே போய் நேராகக் கீழே வந்தது. அதைப் பிடித்தவன் கேட்சர் ஆரின் டாக்கெட். மேற்கு வர்ஜீனியாக்காரன். எமிலுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து நான்கு வருடமாக அவன் பந்துகளைப் பிடிக்கிறவன். இரண்டு பேரும் அருகருகே டக்அவுட்டுக்கு வந்தார்கள். எமில் படியில் நின்றான். வரும் வழியில் அவன் சுண்ணாம்புக் கோட்டை நன்றாக மிதித்துக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். பிறகு, கடையில் விலை கேட்பது போலச் சாதாரணமாக, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி கேட்டான்.

"ஆரின், அவனுங்க எத்தனை ஹிட் அடிச்சிருக்கானுங்க?"

கீழே தண்ணீர்க் குவளை ஒன்று விழுந்து உருண்டது.

பிறகு ஒருவன் மெல்லச் சிரித்தான். "நம்மளை ஆழம் பாக்கறான்யா கிழவன்."

"வாயை மூடுங்கடா எல்லாரும்! யாரும் பதில் சொல்லாதீங்க!" என்று மெர்ல் கத்தினார்.

வில்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அவரே கெடுத்துக்கிட்டாரே! ஏன் கேட்டாரு? ஏன்கா அவரே கேட்டாரு?"

"அவனுக்குத் தெரியலடி. அதனாலதான் கேட்டான்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். என் பாவாடையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

நான் எழுந்தேன். பின்னால் இருந்த வரிசைகள் முழுக்க "உக்காரு, உக்காரு" என்று சீறின. தொப்பி ஒன்று முதுகில் வந்து விழுந்தது. வேலியோரமாக நடந்தேன். எங்கள் பக்கம் அடிக்கத் தொடங்கியிருந்தது. அடுத்துப் போக வேண்டிய ஆரின் வேலிக்குப் பக்கத்தில் ஒற்றை முழங்காலில் மட்டையோடு காத்திருந்தான்.

"ஆரின்."

"இப்ப வேண்டாம் நர்ஸம்மா." திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி. இத்தனை வருஷத்துல அந்தக் கேள்வியை எந்த வீச்சாளனாவது கேட்டுப் பாத்திருக்கியா?"

அவன் மட்டையின் அடியால் மண்ணைத் தட்டினான்.

"எமில் கேப்பானா? வாளியைத் தலையில கவுத்தவன் கேப்பானா?"

தட்டுவதை நிறுத்தினான். கழுத்து சிவந்திருந்தது. மிகவும் தணிந்த குரலில் பேசினான்.

"ஏழாவதுல இருந்து, எந்த மாதிரி பந்து வேணும்னு நான் ஒரு விரல் காட்டறேன், தலையை ஆட்டறான், வேற ஏதோ வருது. ரெண்டு விரல் காட்டினாலும் அதேதான் வருது. எனக்கே தெரியாம ஏதோ புதுசா பண்றான்னு நெனைச்சேன். போய்க் கேட்டா கெட்டுப்போயிடும்னு கேக்கல."

"போய்க் கேளு. கண்ணைப் பாரு. ரெண்டு கண்பாப்பாவும் ஒரே அளவா இருக்கான்னு பாரு. இல்லேன்னா ஆட்டம் முடியற வரைக்கும் அவன் தாங்க மாட்டான்."

"ஊர் என்னைக் கொன்னுடும், நர்ஸம்மா."

"நிஜமா சாகப்போறது யாருன்னு யோசி."

அவன் முறை வந்தது. போனான். மூன்று பந்துகளில் அவுட்டாகித் திரும்பினான். அவன் பந்தைப் பார்த்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. அதோடு எங்கள் பக்கம் முடிந்தது. ஆரின் தன் முகமூடியையும் கால் காப்புகளையும் மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் எமில் மைதானத்துக்குள் போய்விட்டிருந்தான். மண்மேட்டுக்குப் போக வேண்டியவன், ஓடுகிறவர்கள் தொடும் மூன்றாம் முனைக்குப் போய் நின்றான். கூட்டம் சிரித்தது. அங்கே நிற்க வேண்டிய ஆட்டக்காரன் பேசக் கூடாது என்பதால் விரலால் மேட்டைக் காட்டினான். எமில் நன்றி சொல்வது போலத் தொப்பியைத் தொட்டுவிட்டு நடந்தான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். இன்னும் மூன்று பேரை அவுட்டாக்கினால் போதும். ஆரின் தன் இடத்தில் குத்தவைக்கவில்லை. முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு நேராக மேட்டை நோக்கி நடந்தான்.

கூட்டத்திலிருந்து எழுந்த சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பெண்கள்கூடக் கத்தினார்கள். "டேய் மலைக்காட்டான், போடா திரும்பி!" "அவனை விடுடா!" மெர்ல் படியில் நின்று கையை ஆட்டினார். ஆரின் போய் எமிலுக்கு முன்னால் நின்றான்.

அங்கே பேசிக்கொண்டதைப் பிறகு அவன் சொல்லித்தான் தெரியும்.

"எமில், எப்படி இருக்க?"

"தலைவலி. விடு, வீசிடலாம்."

"உன் பொண்டாட்டி பேரு என்ன?"

"வில்மா. உனக்கு எதுக்குடா?" சிரித்தானாம். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்ததாம். "பென்னி, இந்த வெளிச்சத்தை யாராவது குறைக்கச் சொல்லேன்."

பென்னி என்பவன் போருக்கு முன்னால் எமிலுக்குக் கேட்சராக இருந்தவன். நார்மண்டியில் இறந்துபோனவன். ஆரின் தொப்பியின் நிழலுக்குள் குனிந்து பார்த்தான். எமிலின் இடது கண் பாப்பா விரிந்து கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது.

நான் வேலியில் இருந்து பார்த்தது இவ்வளவுதான். ஆரின் பந்தைக் கேட்டுக் கையை நீட்டினான். எமில் கொடுக்கவில்லை. ஆரின் அவன் விரல்களைத் தொட்டதும் பந்து தானாகவே கீழே விழுந்து உருண்டது. எமில் அதை எடுக்கக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே முழங்காலில் போய், பக்கவாட்டில் சாய்ந்தான்.

நான் வேலியைத் தாண்டினேன். பாவாடை கிழிந்தது. அம்பயர் என்னைத் தடுக்கவில்லை. எமிலைப் புரட்டிப் பக்கவாட்டில் படுக்க வைத்தேன், வாயைத் துடைத்தேன், நாடியைப் பிடித்தேன். நாடி மிக மெதுவாக, மிகக் கனமாக அடித்தது. அது நல்லதல்ல.

"வண்டி" என்றேன் மெர்லைப் பார்த்து.

மெர்லின் முகத்தில் ரத்தமே இல்லை. "நடந்துக்கிட்டுதானே இருந்தான்?" என்றார். இரண்டு முறை சொன்னார்.

எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ் என்று தனியாகக் கிடையாது. சவ அடக்க நிலையத்தாரின் நீளமான கறுப்பு வண்டிதான் இரண்டு வேலைக்கும். நோயாளிக்குப் போகும்போது ஜன்னல் திரையை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அன்று அவசரத்தில் திரையை எடுக்க மறந்துவிட்டார்கள். அந்த வண்டி மைதானத்தின் இடது பக்கக் கதவு வழியாகப் புல்லின் மேல் மெல்ல வந்தபோது, அதுவரை ஆரினைத் திட்டிக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அதற்குள் கீழே இறங்கி வந்திருந்த வில்மா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நான் அதுல ஏற மாட்டேன். அது பொண வண்டி. ஏற மாட்டேன்."

"ஏறு."

"அவரு போயிட்டாரா? சொல்லிடு."

"போயிருந்தா நான் இப்படி ஓடுவேனா? உயிரோட இருக்கறவன் தனியாப் போகக் கூடாது. ஏறுடி."

ஏறினாள். வண்டிக்குள் பழைய பூ வாசம். எமில் குறட்டை விடுவது போல மூச்சு விட்டான். அந்தக் குறட்டையை நான் அறிவேன். வில்மா, "தூங்கறாரு" என்றாள். நான் ஆமாம் என்றேன். மைதானத்தை விட்டு வெளியே வரும்போது பின்னால் பெரிய ஆரவாரம் கேட்டது. யாருக்காக, எதற்காக என்று தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

விடுமுறை நாள் என்பதால் ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவர் ஆற்றங்கரைக்கு விருந்துக்குப் போயிருந்தார். ஆள் அனுப்பினார்கள். அவர் வரும் வரை எமிலின் வலது கையை நான் கிள்ளிக்கொண்டே இருந்தேன். முதலில் விரல்கள் கொஞ்சம் மடங்கின. பிறகு மடங்கவில்லை. வில்மா சுவரோரம் நின்று என்னைப் பார்த்தாள்.

"நீ அப்பவே எழுந்து போயிருந்தா?"

"நீ பிடிச்சிருந்த."

"ஆமா" என்றாள். "நான் பிடிச்சிருந்தேன்." அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. பிடித்தவள் அவள் மட்டும் அல்ல, இரண்டாயிரம் பேர் பிடித்திருந்தார்கள்.

மருத்துவர் சட்டையில் கரிப் புகை வாசனையோடு வந்து சேர்ந்தார். கண்ணைத் திறந்து பார்த்தார், ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, கை கழுவப் போனார். மண்டையில் துளையிட்டு உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். வெளியே வந்து, "உயிர் தங்கும்னு நெனைக்கறேன். ஆள் திரும்பி வருவாரான்னு நான் சொல்ல முடியாது. எழுந்து பேசட்டும், பாக்கலாம்" என்றார். எனக்கு அது புதிதல்ல. உயிர் தங்கியும் ஆள் திரும்பி வராதவர்களைத்தான் நான் வருடக்கணக்கில் முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டியிருக்கிறேன். வில்மாவுக்கு முப்பது வயது. அவள் அதைப் போல எத்தனை வருடம் குளிப்பாட்ட வேண்டியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். அந்த நாளில் எனக்கு மிகவும் பயமாக இருந்தது அந்தக் கணக்குதான்.

ஆரின் அங்கே வந்திருந்தான். அழுக்குச் சீருடையோடு, கால் காப்புகளைக்கூடக் கழற்றாமல், நடையில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முறை காலை நகர்த்தும்போதும் கொக்கிகள் கிளிங் என்றன. ஆட்டம் என்ன ஆனது என்று நாங்கள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. போகச் சொன்னேன், போகவில்லை.

மறுநாள் காலை வெயில் படுக்கையில் விழுந்தபோது எமில் கண்ணைத் திறந்தான். இரண்டு கண்பாப்பாவும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. வில்மா குனிந்தாள்.

"யாருன்னு தெரியுதா?"

வெகுநேரம் பார்த்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் ஈரத் துணியால் வாயை நனைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு கரகரவென்று கேட்டான்.

"எத்தனாவது இன்னிங்ஸ்?"

வில்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது. அடுத்து அதே கேள்விதான் வரும் என்று இரண்டு பேருமே நினைத்தோம். எத்தனை ஹிட் என்று கேட்பான். கேட்டால் அவன் இன்னும் அந்தப் படியிலேயே நிற்கிறான் என்று அர்த்தம். அவள் முந்திக்கொண்டாள். அழுதபடியே சொன்னாள்.

"எல்லாம் முடிஞ்சுது. நீங்க நல்லா வீசினீங்க. அவனுங்களுக்கு நீங்க ஒரு ஹி..."

எமிலின் இடது கை போர்வைக்கு அடியில் இருந்து வந்தது. தடவித் தடவி அவள் வாய்க்கு வந்து, அதைப் பொத்தியது.

"லூசு" என்றான். "சொல்லாத. சொல்லவே கூடாது, தெரியாது உனக்கு?"

நான் அவன் நாடியைப் பிடித்து எண்ணினேன். சரியாக இருந்தது. வெளியே போனேன். ஆரின் எழுந்து நின்றான், கொக்கிகள் கிளிங் என்றன.

"புத்தி இருக்கு. வீட்டுக்குப் போ" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு அவளை அதட்டறான்."

ஆரின் மறுபடியும் உட்கார்ந்தான். குனிந்து கால் காப்பின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான். விரல் சரியாக வரவில்லை. நான் முட்டி போட்டு உட்கார்ந்து மற்றக் காலைக் கழற்றினேன். அப்போதுதான் சொன்னான். எமிலுக்குப் பதிலாக வந்தவனின் இரண்டாவது பந்திலேயே ஓல்டன்காரன் ஹிட் அடித்துவிட்டான். இருந்தும் ஆட்டம் ஒன்று, பூஜ்யம் என்றே முடிந்தது, நாங்கள் ஜெயித்தோம்.

"இதை அவன்கிட்ட யார் சொல்றது?" என்றான்.

"நீதான். ஆனா இப்ப வேண்டாம். முதல்ல குளி" என்றேன்.

எமிலின் வலது கை முழுதாகத் திரும்பவில்லை. கோப்பையை இடது கையில்தான் பிடிப்பான். சாயப் பட்டறை அவனை எடுக்கவில்லை. ரொட்டி வண்டி ஓட்டினான். அந்த வேலை வெயிலில்தான் என்பதால் அவனுக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது இன்னிங்ஸுக்குப் பிறகு நடந்த எதுவும் அவனுக்கு நினைவில் இல்லை. ஆரின் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான், அவன் நம்பினான், ஒன்றைத் தவிர. தானே அந்தக் கேள்வியைக் கேட்டான் என்று சொன்னால் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

"அண்ணி, நீங்க எல்லாரும் சேர்ந்து கட்டின கதை அது" என்பான். "நான் கேட்டிருக்கவே மாட்டேன்."